லேட்டாக வந்தவளுக்குச் சொன்ன பாடம்

கல்லூரியில் கூரை வேலை நடந்ததால், வரலாறு இரண்டாம் ஆண்டை மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய பழைய உப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். பெஞ்சுகளை நாங்களேதான் தூக்கிப் போட்டோம். வெளியே உப்புக் குவியல்மேல் வெயில் கண்ணைக் கூசவைக்கும். உள்ளே கரும்பலகைக்கு மேல் ஒரே ஒரு பல்பு. கடைசி பெஞ்சில் எங்களுக்கு ஈர உப்பு வாடையும் அரை இருட்டும்தான். பக்கத்தில் இருப்பது யார் என்பதைக் குரலை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வகுப்பில் பாதிப் பேர் விடியலில் உப்பு வாரிவிட்டு வருகிறவர்கள், லேட்டாகத்தான் வருவார்கள். அதுவரை நடந்த பாடத்தைப் பக்கத்தில் இருப்பவர் காதோடு சொல்லிவிட வேண்டும். நாங்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. அதில் பூங்குழலியை மிஞ்ச ஆளில்லை. நானெல்லாம் சார் இருமினால்கூட எழுதிவைக்கிற ரகம். அவள் காது கொடுத்துக் கேட்டுவிட்டு நாலே வார்த்தை குறிப்பாள். அதை வைத்து மொத்தப் பாடத்தையும் தன் சொந்தப் பேச்சில் சொல்லிவிடுவாள். எனக்குப் பொறாமையாகவே இருக்கும். ஆனால் ஒரு அரியர் விழுந்தாலும் படிப்பை நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்புவதாக அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். பரீட்சை நெருங்கிவிட்டது.

அன்று சுப்ராயன் சார் பெருமுக்கல் கோட்டைச் சண்டையை நடத்திக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் இருந்த பூங்குழலிக்கு அந்தப் பக்கம் பெஞ்சு மெல்ல அமுங்கியது.

“லேட்டாயிடுச்சி. முன்னாடி என்னா சொன்னாரு?”

தொண்டை வறண்ட பெண் குரல். பூங்குழலி திரும்பாமலே சொல்ல ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்லப் பேனா காகிதத்தைக் கீறும் சத்தம் கேட்டது.

வகுப்பு முடிந்ததும் போன் டார்ச்சை அடித்தேன்.

அங்கே யாரும் இல்லை.

பெஞ்சுப் பலகை மட்டும் நனைந்திருந்தது.

மாலை திண்டிவனம் பஸ்ஸில் திரும்பினோம். இரண்டு பேருக்கும் பெருமுக்கல்தான் ஊர். மலை தெரிந்ததும் நான் எழுந்தேன். அவள் எழவில்லை.

“இது எந்த ஊருடி?”

விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இறக்கி, அவள் வீட்டுக்கு நானே வழி காட்டினேன். அன்று குறித்த நாலு வார்த்தையைக் காட்டினால், யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்தது அவளிடம் இல்லை.

மறுநாள் காலை முன் பெஞ்சில் இடம் கேட்டோம், கிடைக்கவில்லை. லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் குறைந்து பரீட்சை எழுத விடமாட்டார்கள். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

அன்றும் பாடம் பாதி நடக்கும்போது பெஞ்சு அமுங்கியது.

“முன்னாடி என்னா சொன்னாரு?”

பூங்குழலி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“சொல்லேன்.”

அவள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். உப்பு வாடை மூச்சை அடைத்தது.

“சரி, பாடம் வேணாம். ஒம் பேரையாவது சொல்லு. யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு எழுதிக்கிறேன்.”

பேர்தானே, பாடம் இல்லையே என்று நினைத்திருப்பாள். நான் அவள் வாயைப் பொத்துவதற்குள் சொல்லிவிட்டாள்.

“பூங்குழலி.”

பேனா நிதானமாகக் கீறியது.

சார் பாடத்தை முடித்து அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்தார்.

“பூங்குழலி.”

அவள் அசையவில்லை. தொடையில் கிள்ளினேன்.

“பிரசென்ட் சார்.”

அவள் குரலேதான். ஆனால் என் மடியில் இருந்த போன் வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. உதடு மூடியிருந்தது. குரல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

சார் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அவள் என் காதருகே குனிந்தாள்.

“யாருடி அந்தப் பூங்குழலி?”