வார்சிமின் பங்கு

பாயின் தலைமாட்டில் பட்டறையில் எல்லோரும் 'பாக்' (ஐயா) என்று அழைக்கும் முதலாளி ஹர்யாதி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் துவா ஓத வந்த பள்ளிவாசல் மோடின், இடப்புறம் மரம் செதுக்கும் சி.என்.சி. இயந்திரத்தை ஓட்டும் ரத்மோ. எதிரில், செமாராங்கிலிருந்து வந்து புதுத் தூசு உறிஞ்சியைப் பொருத்திய மெக்கானிக். நடுவில் கூம்பாகக் குவித்த மஞ்சள் சோறு. சின்னப் பாய், முழங்கால்கள் இடித்துக்கொண்டன. ஆனாலும் உறிஞ்சுகுழாயின் வாய்க்கு அடியில் ஓராள் உட்காரும் அளவுக்குப் பாய் காலியாகக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒருவரும் நகரவில்லை.

மரவேலை ஊரான ஜெப்பாராவில் புது இயந்திரத்துக்குச் சோறு வைக்காமல் விசையைத் தட்டமாட்டார்கள். ஓதி முடித்ததும் ரத்மோ வீட்டுக்குக் கொண்டுபோகும் பங்குகளை இலையில் கட்டினான். ஒன்று அதிகமாக இருந்தது.

"இது வார்சிம் வீட்டுக்கு, பாக். போற வழியில அவர் சம்சாரத்துகிட்ட குடுத்துடறேன்."

"செத்தவனுக்கு என்னடா பங்கு?" என்றார் ஹர்யாதி. "இன்னைக்குச் சோறு போனா நாளைக்கு அவ நஷ்டஈடுன்னு வந்து நிப்பா. இங்க கொண்டா."

வாங்கிப் பிரித்து அவரே தின்றார். மோடின் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாக்குக்கு நல்ல பசி" என்றான் மெக்கானிக்.

பழைய உறிஞ்சிக்குத் துணிப்பைதான். இழை விலகிய துணி. சுருள் மரச்சீவல் உள்ளே தங்கும், மாவு போன்ற தூசு வெளியேறி அறையிலேயே மிதக்கும். அந்தப் பையை உதறிக் கொட்டியே வார்சிமின் நெஞ்சு அடைத்தது. நல்ல வடிகட்டி வாங்கச் சொல்லி ரத்மோ கெஞ்சியபோதெல்லாம், "கிராம்புச் சிகரெட்டை விடச் சொல்லு, இருமல் நிக்கும்" என்பார் ஹர்யாதி. போன மழைக்காலத்தில் இருமல் நின்றது. வார்சிமும்தான்.

இப்போது மேசை நாற்காலி வாங்கும் ஹாலந்துக்காரர்கள் கேட்டதால் எல்லாம் வந்துவிட்டது. இரும்புக் குழாய், சுழற்காற்றில் தூசு பிரிக்கும் உருளை, ஆள் உயர வடிகட்டி. பாக்கி ஒரு கடிதம். இந்தப் பட்டறைத் தூசால் யாராவது நோயுற்றதுண்டா, உண்டென்றால் குடும்பத்துக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்ட பதில் இன்றைய கூரியரில் போகாவிட்டால் ஆர்டர் கைமாறும். ஆர்டர் போனால் பட்டறையும் போகும்.

மஃரிப் தொழுகைக்கு எல்லோரும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். ஹர்யாதி மட்டும் பேனாவைத் திறந்துகொண்டு மேசையில் உட்கார்ந்தார். தகரக் கூரையில் மழை பிடித்தது.

பாயைத் தற்செயலாகப் பார்த்தார். காலியாகக் கிடந்த இடத்தில் தூசு படிந்திருந்தது, சம்மணமிட்டு உட்கார்ந்த ஒருவர் எழுந்துபோன அளவில். காலையில்தான் தரையைக் கழுவியிருந்தார்கள். இயந்திரம் இன்னும் ஒரு பலகையைக்கூடத் தொடவில்லை.

மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. குழாய்க்குள் காற்று மெதுவாக ஏறி, ஏதோ தடுக்க நின்று, கரகரத்து இறங்கியது. எழுந்துபோய்ப் பார்த்தார். மெயின் விசை அணைந்துதான் இருந்தது. தூசுத் தொட்டியின் கண்ணாடிச் சன்னலில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. தேக்கின் நிறமில்லை. பழைய உறிஞ்சியின் மாவுத் தூசு போல் சாம்பல் நிறம். கிராம்பு வாசனை.

வடிகட்டி உப்பியது.

தணிந்தது.

ஈர இருமல். உள்ளேயிருந்து.

தொங்கிய குழாயின் வாய் திரும்பியது. அவர் பக்கம்.

மேசைக்கு ஓடினார். தாளில் எழுதினார்: 'உண்டு. பெயர் வார்சிம். பதினோரு வருட வேலை. குடும்பத்துக்கு ஒன்றும் செய்யவில்லை.'

சத்தம் நின்றது. மழை மட்டும். தொட்டியின் கோடு இறங்கியது. பட்டறை முழுக்கத் தேக்கு வாசனை. ஹர்யாதி நெஞ்சு நிறைய மூச்சிழுத்து விட்டார். அப்புறம் அவருக்கு வெட்கமாக வந்தது. புதுக் குழாய், மழைக் காற்று. இதற்குப் போயா?

வாசலில் கூரியர்காரனின் ஹாரன்.

"பாக், லெட்டர் ரெடியா? பை நனையுது."

"ஒரு நிமிஷம், தம்பி."

எழுதியதைக் கிழித்துக் கசக்கினார். புதுத் தாளில், 'எங்கள் பட்டறையில் தூசால் எவரும் நோயுற்றதில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். உறையின் ஓரத்தை நாவால் நனைத்து அழுத்தி ஒட்டினார். வாசலுக்குப் போய் நீட்டினார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை.

அவன் வாங்கிப் பையில் போட்டான். "வரேன், பாக்."

சரி என்று சொல்ல மூச்சை இழுத்தார் ஹர்யாதி. உள்ளே போனது. வெளியே வரவில்லை. மறுபடி தானாகவே இழுத்தது. மறுபடி. சட்டைப் பொத்தான்கள் விலக நெஞ்சு உப்பிக்கொண்டே போனது. அவனை நிறுத்தக் கையைத் தூக்கினார். வண்டியை உதைத்துக்கொண்டிருந்தவன் அதை வழியனுப்புவதாக எடுத்துக்கொண்டு தலையசைத்தான்.

கடிதத்தோடு வண்டி தெருமுனையில் திரும்பியது. வாசற்படியில் ஹர்யாதி நின்றார், வாய் இறுக மூடி. இரண்டு நாசிகளிலிருந்தும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசு இழை இறங்கியது. மழையில் கரையாமல், நிற்காமல்.