ஏழாம் படியில் மஞ்சள் குடை

நாங்கள் அந்தப் பழைய மாளிகை விடுதியில் போய் இறங்கியபோது காலை பதினோரு மணி. வெயில் கண்ணைப் பறித்தது. மழை, மின்னல், ஆந்தை எதுவும் இல்லை. உங்கள் திருப்திக்கு வேண்டுமானால் ஓர் ஆந்தையைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை கிடையாது. என் காமிராப் பையைத் தூக்கிய வண்டிக்காரர் முதலில் இரண்டாக மடிந்தார், பிறகு நான்காக மடிந்தார், வாசலைத் தொடும்போது கைக்குட்டை அளவுக்கு ஆகிவிட்டார்.

இப்படித்தான் பேசுவேன். நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் அங்குலம் பிசகாமல் அளந்து கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற அன்றே இனி எதையும் அளவோடு சொல்வதில்லை என்று முடிவு கட்டினேன். ஆனால் அந்தப் படிக்கட்டைப் பற்றிச் சொல்வதில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. நம்புவார்களா?

முன்கூடத்தில் ஈர மரமும் பழைய மெழுகும் கலந்த வாடை. அவ்வளவு பெரிய கூடத்தில் உட்கார ஒரு நாற்காலி இல்லை. சாவிக்கொத்தோடு வந்த அம்மாள், பதிவேட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடியே எங்கள் விவரங்களை எழுதினார். நின்றபோதும் கால் மாற்றி மாற்றித்தான் நின்றார். மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணும் அப்படியே. இடுப்பு ஒரு கணம் ஓயவில்லை. ஏழாம் படி வந்ததும் அதன் நடுவை விட்டுவிட்டுச் சுற்றித் துடைத்தாள்.

"படியில ஏறலாம், இறங்கலாம். நிக்காதீங்க, உக்காராதீங்க," என்றார் சாவிக்காரம்மாள்.

"ஏம்மா, உக்காந்தா படி கோவிச்சுக்குமா?" என்று கேட்டாள் என் மனைவி.

"படி ஒண்ணும் சொல்லாது," என்றார் அவர், மறுகாலுக்கு மாறி.

நான் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. என் கண் முழுக்கப் படிக்கட்டில் இருந்தது. வளைந்து ஏறும் கறுப்பு மரம், மேலே வண்ணக் கண்ணாடி ஜன்னல், அதிலிருந்து சரிந்து விழும் வெளிச்சம். இதற்காகத்தானே ஊர் ஊராக, நாடு நாடாக அலைகிறேன்.

என் படங்களில் கூட்டம் இருக்காது. காமிராவை ட்ரைபாடில் பூட்டி, ஒரே இடத்திலிருந்து இருபது படம் எடுப்பேன். வீட்டுக்கு வந்து கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவேன். அசைந்தவர்கள் எல்லாம் கரைந்து போவார்கள், அசையாதது மட்டும் மிஞ்சும். இந்த வித்தையால் எத்தனையோ நாட்டுச் சதுக்கங்களை ஒற்றை ஆளாகக் காலி செய்திருக்கிறேன். பெரிய பெரிய படைகளுக்கே அது முடிந்ததில்லை.

ஒருத்தி மட்டும் படத்தில் இருந்தாக வேண்டும். அவள் என் மனைவி. அளவைக்காரன் புத்தி, ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தேவை. அவள் கையில் மூன்றடி நீள மஞ்சள் குடையைக் கொடுத்து உட்கார வைப்பேன். குடையை வைத்துத் தூணின் உயரம் முதல் கோபுரத்தின் உயரம் வரை சொல்லிவிடலாம்.

தொல்லை என்னவென்றால் அவள் காலாட்டுவாள். அவள் கால் ஆடினால் சோபா ஆடும், சோபா ஆடினால் கீழ்வீட்டுக்காரர் பூகம்பம் என்று பெட்டியோடு தெருவுக்கு ஓடுவார். எந்த நாட்டுப் படமானாலும் அவள் இடது பாதம் மட்டும் புகைபோலக் கலைந்திருக்கும். குடும்பக் குழுவில் படத்தைப் போட்ட மறுநிமிடம் அவள் தம்பி எழுதுவான்: "அத்தான், அக்கா கால் மறுபடியும் புகை!" கூடவே பத்துச் சிரிப்புப் பொம்மைகள். அவன் வாயை ஒரு தடவையாவது அடைத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு.

நண்பகலில் விடுதி ஆட்கள் சாப்பிடப் போனார்கள். கூடம் காலியானது.

"ஏழாம் படி. நடுவுல உக்காரு," என்றேன்.

"அந்தம்மா சொன்னது காதுல விழலையா?"

"அஞ்சே நிமிஷம். கால் ஆடக் கூடாது."

"சரிங்க அளவுக்காரரே. மூச்சு விடலாமா, அதுக்கும் மனு போடணுமா?"

குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினைந்து நொடிக்கு ஒரு படம். ஒன்று. இரண்டு. மூன்று. கூடத்தில் காமிராவின் சத்தம் மட்டும். எட்டாவது படத்தில் மெழுகு வாடை திடீரென்று கனத்தது. யாரோ நெடுங்காலம் திறக்காத அலமாரியை என் மூக்கின் எதிரே திறந்ததுபோல இருந்தது.

பதினான்காவது படத்தில் அவள் உதடு அசையாமல் பேசினாள்.

"என்னங்க. பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

நான் பார்த்தேன். வெயில்தான் இருந்தது.

"அசையாதே. இன்னும் ஆறுதான்."

பதினாறு. பதினேழு.

"தள்ளிக்கோன்னு சொல்றாங்க."

நான் போய் அவளை எழுப்பியிருக்க வேண்டும். ஆனால் காமிராத் திரையில் அவள் பாதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் முப்பத்து நாலு வருட இல்லறத்தில் முதல் முறையாக அது ஏறக்குறைய அசையாமல் இருந்தது.

பத்தொன்பது. "இன்னும் ஒண்ணுதான்," என்றேன்.

இருபது.

அவள் எழுந்து இறங்கி வந்தாள். கைப்பிடியைத் தொடவில்லை. "முடிஞ்சுதா?" என்று மெல்லக் கேட்டாள். என் மனைவியாக இருந்தால் முதலில் என் பரம்பரையைத் திட்டியிருப்பாள்.

"குடை எங்கே?"

"எந்தக் குடை?"

திரும்பிப் பார்த்தேன். படியில் குடை இல்லை.

மறுநாள் புறப்படும்போது அவள் வாசலில் வண்டிக்காகக் காத்து நின்றாள். நட்டுவைத்த எல்லைக்கல்போல நின்றாள். அவளைப் பார்த்ததும் சாவிக்காரம்மாளின் கால் மாற்றல் ஒரு கணம் நின்றுபோனது.

"எவ்வளவு நேரம் உக்கார வச்சீங்க?"

"அஞ்சு நிமிஷம்."

அவர் திட்டவில்லை. ஒரு சீட்டில் தொலைபேசி எண்ணை எழுதி என் சட்டைப்பையில் திணித்தார்.

வீட்டுக்கு வந்து இருபதையும் அடுக்கினேன். கறுப்புப் படிகள், சரியும் வெளிச்சம், மஞ்சள் குடையோடு என் மனைவி. அத்தனையும் கத்தி முனை போலத் தெளிவு. இடது பாதத்தில் மட்டும் இரண்டு விரல் அகலப் புகை. குழுவில் போட்டேன், மச்சான் சிரித்தான். இருந்தாலும் அதுதான் என் வாழ்நாளின் சிறந்த படம். பெரிதாக அச்சடித்துக் கூடத்தில் மாட்டினேன்.

வீட்டில் சோபா ஆடவில்லை. கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார். முதல் வாரம் எனக்கும் கொண்டாட்டம்தான். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அவள் துல்லியமாக விழுந்தாள். பிறகுதான் கவனித்தேன். உட்கார்த்தி வைத்த இடத்திலேயே காலையிலிருந்து மாலைவரை இருந்தாள். என்னை "அளவுக்காரரே" என்று ஒரு முறையும் கூப்பிடவில்லை. நான் சொன்ன வேடிக்கைகளுக்குச் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் நகர்த்தி, என் கால்களையே பார்த்தாள். அந்தப் பார்வையில் பகை இருந்தது. வாடகைக்கு வந்தவர் வீட்டுக்காரரைப் பார்க்கிற பார்வை.

போன ஞாயிறு மதியம் மச்சான் வந்தான். படத்தின் எதிரே நின்று தலையைச் சொறிந்தான்.

"அத்தான், இது புது பிரிண்டா?"

"இல்லையே."

"அக்கா கால்ல புகை பெரிசா இருந்துச்சே. இப்ப பாதிதான் இருக்கு."

அவன் போனதும் அளவுகோலை எடுத்து வைத்தேன். குடையின் நீளத்தோடு ஒப்பிட்டால், கணினியில் இரண்டு விரல், சுவரில் ஒரு விரல்.

மறுநாள் காலை மறுபடி அளந்தேன். முக்கால்.

சீட்டிலிருந்த எண்ணுக்கு அடித்தேன். சாவிக்காரம்மாள் நடந்துகொண்டே பேசுவது சாவிச் சத்தத்தில் தெரிந்தது.

"உங்க வீட்டம்மா இங்கதான் இருக்காங்க. ஏழாம் படியில. பாக்க முடியாது. ஆனா கால் ஆடுற சத்தம் கேக்குது. முன்னெல்லாம் கூடம் முழுக்கக் கேக்கும். இப்ப காதை வச்சாத்தான் கேக்குது."

"நான் என்ன பண்ணணும்?"

"நேர்ல வாங்க. கையைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போங்க. கால் நிக்கறதுக்குள்ள வாங்க. நின்னுடுச்சுன்னா அப்புறம் நாங்க சுத்தித் துடைக்க வேண்டியதுதான்."

மச்சானிடம் சொன்னேன். "அத்தான், ஓய்வு பெத்த பிறகு ரொம்பத்தான் கதை விடறீங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பை நான்தானே வளர்த்துவிட்டேன்.

இன்று மாலை நான்கு மணிக்கு வண்டி வருகிறது. மூட்டை கட்டுவதற்காகக் காமிராவை எடுத்தேன். அதன் மெமரி அட்டையில் நான் எடுக்காத படங்கள் இருந்தன.

நான் சாய்வு நாற்காலியில் மதியத் தூக்கம் போடும் படங்கள்.

ஒரே இடத்திலிருந்து. ஒரே கோணம்.

பத்தொன்பது.

இப்போது மணி இரண்டரை. நான் தூங்கும் நேரம். சாவிக்காரம்மாளைப் போலவே நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடியே இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இமையும் ஒரு மூட்டை சிமெண்ட். சரி, அரை மூட்டை. அவள் காமிராவை மறுபடி ட்ரைபாடில் பூட்டி, அதன் பின்னால் நிற்கிறாள். சற்று முன்தான் வாயைத் திறந்தாள்.

"அசையாதீங்க. இன்னும் ஒண்ணுதான்."

என் குரலில் சொன்னாள்.

நடக்கும்போது சுவரில் இருக்கும் படத்தைத் தாண்டித் தாண்டிப் போகிறேன். பாதத்தில் புகை ஒரு நூல் அளவுக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் காலையில் படியின் நடுவில் இருந்தவள் இப்போது ஓரமாக நகர்ந்து, குடையைச் சுவரோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள். குடையை அளவாகக் கொண்டு அந்த இடைவெளியைக் கணக்கிட்டேன். பதினேழரை அங்குலம். பிறகு, நடந்துகொண்டே, அளவு நாடாவை என் இடுப்புக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன்.

பதினேழரை. ஒரு நூல்கூட நான் கூட்டவில்லை.