வெறுங்கண்

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நஸ்ரினுக்கு உலகமே கலங்கிப் போகும். தண்ணீர்த் தொட்டி, பைப், பின்மதில், மதிலுக்கு அப்பால் துறைமுகத்தின் மஞ்சள் விளக்குகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடும். கையைக்கூட முகத்துக்குக் கிட்டப் பிடித்தால்தான் விரல் விரலாகத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு, அன்று அந்திநேர மஃரிப் தொழுகைக்கு வுழூ செய்து முகம் கழுவி நிமிர்ந்தபோது, மதிலோரம் முதுகு காட்டி நின்ற ஆளின் சட்டையில் தையல் பிரிந்திருந்ததுகூடத் தெரிந்தது.

தொட்டி விளிம்பைத் தடவிக் கண்ணாடியை எடுத்துப் போட்டாள். மதிலோரம் யாரும் இல்லை. முற்றம் கூட்டும் தும்புத்தடி மட்டும் சாத்தியிருந்தது.

பயப்படக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு. பகல் முழுக்கத் துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் கொள்கலன் இலக்கங்களைத் தட்டி, பஸ்ஸில் நசுங்கி வந்து, இன்னும் உலைகூட வைக்கவில்லை. களைத்த கண் எதையும் காட்டும் என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

ஆனால் அது களைப்போடு போகிற கதையாக இல்லை. டீசலும் கருவாடும் மணக்கும் கடற்காற்று மதிலைத் தாண்டி வரும் அந்த மங்கல் நேரத்தில், எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய, பைப் சொட்டுச் சொட்டாக ஒழுக, அவள் கண்ணாடியைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அது அங்கே நின்றது. உள்ளங்கையால் மதிலைத் தடவும். கொஞ்சம் நகரும். மறுபடி தடவும். நாளுக்கு நாள் தொட்டிக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் போட்டால் ஆள் மறைந்துவிடும். தடவும் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும்.

கண் பழுது, அதனால்தான் இல்லாததெல்லாம் தெரிகிறது என்று நினைத்தாள் நஸ்ரின். கண் தெளிந்தால் அதுவும் தொலையும். லேசர் செய்துவிடலாம்.

கண் டொக்டர் ஆனந்தராசா அளவெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, அவசரப்படாமல் கதைத்தார்.

"கருவிழித் தடிப்பு இதுக்குக் காணும். பவரும் கூடிக்கொண்டு போகேல்ல. செய்யலாம். ஆனா செய்யத்தான் வேணுமெண்டு இல்ல. கொஞ்சக் காலம் கண் காயும், இரவில வெளிச்சத்தைச் சுத்தி வட்டம் தெரியும். கண்ணாடியால உங்களுக்கு என்ன கரைச்சல்? அதைச் சொல்லுங்கோ."

"கழட்டினாப் பயமா இருக்கு, டொக்டர்."

"ஒண்டும் தெரியாதெண்ட பயமோ?"

"ஓம்," என்று பொய் சொன்னாள்.

"இந்த ஒப்பரேஷன் கண்ணாடியை மட்டும்தான் எடுக்கும் பிள்ளை. வேற ஒண்டையும் எடுக்காது. யோசிச்சு வாங்கோ."

யோசிக்க யாரிடம் போவது? போன வருடம் அதே ஒப்பரேஷனைச் செய்துகொண்ட அக்காள் பஸ்மியாவிடம் போனாள்.

"ராத்தா, கண்ணாடி இல்லாத நேரம் நீங்க ஏதும் கண்டீங்களா?"

பஸ்மியா கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "செஞ்சாலும் ஒண்டுதான், செய்யாட்டியும் ஒண்டுதான் புள்ள. செஞ்சா, பழைய கண்ணாடிய வெளியில வெக்காத. அலுமாரியில வெச்சுப் பூட்டு."

"ஏன்?"

"பூட்டெண்டாப் பூட்டு." அலுமாரிச் சாவி பஸ்மியாவின் கழுத்துச் சங்கிலியில் தொங்கியது. நஸ்ரினுக்கு எரிச்சல்தான் வந்தது. ராத்தா எதையும் முழுசாகச் சொன்னதே கிடையாது.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. கண்ணை மூடிய காப்போடு, கணவன் ஸஜ்ஜாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், பின்பக்கம் கால் கழுவும்போது கையிலிருந்த கண்ணாடியைப் பழக்கதோஷத்தில் தொட்டி விளிம்பில் வைத்தாள். இடது காம்பு உடைந்து, அவளே கறுப்பு நூல் சுற்றிய கண்ணாடி. இனி யாருக்கு வேண்டும் என்று அப்படியே விட்டுவிட்டாள்.

முகத்தில் தண்ணீர் படக்கூடாது என்றதால், தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்தே தொழுதாள். பின்பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் எதுவும் தெரியவில்லை. நன்றாகத் தூங்கினாள், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

தண்ணீர் படலாம் என்று டொக்டர் சொன்ன அன்று, மஃரிப் பாங்கு கேட்டதும் தொட்டியடிக்குப் போனாள். முருங்கை இலை ஒவ்வொன்றும் தெரிந்தது. மதிலில் பாசி தெரிந்தது. துறைமுகத்துப் பாரந்தூக்கியின் கம்பிகூடத் தெரிந்தது. மதிலோரம் யாரும் இல்லை. அழுகை வந்தது அவளுக்கு, சந்தோஷத்தில்.

முகம் கழுவினாள். கை தன்பாட்டில் தொட்டி விளிம்பைத் தடவியது. சிரிப்பு வந்தது. இனி எதற்குத் தேட வேண்டும்?

விளிம்பில் ஒன்றும் இல்லை.

கீழே பார்த்தாள். தொட்டிக்குள் பார்த்தாள். இல்லை.

"ஸஜ்ஜாத்!" என்று கூப்பிட்டாள். அவன் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான்.

பைப் சொட்டியது. மதிலைத் தடவும் சத்தம் இல்லை. இவ்வளவு நாளும் அது எதைத் தேடியது என்று அப்போதுதான் விளங்கியது.

பின்னால் காலடி. தடுமாறாத காலடி. நேராக வந்தது.

நின்றது.

கண்ணை இறுக்கி மூடினாள். மூடிய கண் எரிந்தது. திறந்தாள். திரும்பினாள்.

சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. கழுத்து தெரிந்தது. இடது காதில் கறுப்பு நூல் சுற்றிய காம்பு. தடித்த வில்லைகளுக்குப் பின்னால், சுருங்கிச் சின்னதாகிப்போன இரண்டு கண்கள்.

அது கண்ணாடியை ஒரு விரலால் மூக்கில் ஏற்றிவிட்டு, அவளை நன்றாகப் பார்த்தது.