வாசலில் புகைந்த வைக்கோல்

பொத்தென்று விழுந்தது வைக்கோல் கட்டு... அபிநயாவின் ஸ்கூட்டிக்கு ஒரு சாண் முன்னால்!

பதறி பிரேக்கைப் பிடித்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கச்சிராயபாளையம் சாலையில் மறியல். ஒதுங்கி முன்னே போகலாம் என்று வந்த இடத்தில், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தூறலில் நனைந்தபடி நின்றிருந்தது.

"இன்னாங்க இது? ரோட்டுல போறவங்க தலையிலதான் இறக்குவீங்களா?"

டிராக்டரிலிருந்து குதித்து வந்தான் ஓர் இளைஞன். மூக்கு வரை முகக்கவசம். அதற்கு மேலே, மழைத்துளி தொங்கும் இமைகளோடு இரண்டு கண்கள்... திட்டுவதற்கு எடுத்த அடுத்த வார்த்தை அபிநயாவுக்கு மறந்தே போனது. கொரோனா பாதி முகத்தை மூடி வைத்திருந்த அந்தக் கார்த்திகையில், கண்ணைப் பார்த்துத்தான் ஆளை அறிய வேண்டியிருந்தது.

"மன்னிச்சிக்கங்க. மழையில கயிறு இளகிடுச்சு. காலையிலேர்ந்து நிக்கிறேன். வேலைக்கும் படிப்புக்கும் இடஒதுக்கீடு கேக்க வேண்டியதுதான்... அதுக்குன்னு அங்க பாருங்க, முன்னால ஒரு மீசைக்காரரு. ரோடே அவரு வூட்டுதுன்ற மாதிரி குந்திக்கினு இருக்காரு!"

"அவரு எங்கப்பா."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டது முகக்கவசத்தைத் தாண்டித் தெரிந்தது.

"ஐயையோ... அவரு பக்கத்துல குடை பிடிச்சிக்கினு இருக்கிறது எங்க மாமாங்க. சரிக்குச் சரியாப் போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் மறைந்திருந்தது, கண்களை எங்கே கொண்டுபோய் மறைப்பது?

பெயர் கலையரசன். ஊர் களமருதூர். அறுவடை முடிந்த வயல்களில் மிஷின் விட்டு வைக்கோலைக் கட்டுக் கட்டாகச் சுருட்டி விற்பவன். இந்தச் சுமை ஒரு மாட்டுப் பண்ணைக்குப் போக வேண்டியது. மேல் வரிசை முழுக்க நனைந்துவிட்டதே என்று தலையைச் சொறிந்தான்.

"நனைஞ்சத எனக்குக் குடுங்க" என்றாள்.

"பூஞ்சை பூத்துடுங்க. மாடு மோந்துகூடப் பாக்காது."

"மாட்டுக்கு இல்ல, செடி வைக்க. எங்க தோட்டம் முழுக்கப் பாறை, கடப்பாறையே இறங்காது. கட்டு மேல யூரியா தூவி, தண்ணி ஊத்திக்கினே இருந்தா உள்ள மக்கும். மக்குறப்போ சூடாகும். அது ஆறினதும் அதுலயே கத்திரி, தக்காளி நாத்து நடலாம்."

"யாரு சொன்னது?"

"செல்போன்ல பார்த்தேன்."

"எங்க அக்காவும் செல்போன்ல பார்த்துத்தான் கேக் செஞ்சா. வெட்ட அரிவாள் தேவைப்பட்டுது!"

சிரித்துக்கொண்டே சொன்னவன், மறியல் கலைந்ததும் சொன்ன சொல் மாறாமல் நனைந்த கட்டுகளை அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினான்.

பின்னாலேயே வந்து சேர்ந்தார் அவள் அப்பா ராஜாங்கம்.

அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள், வாசலில் நிற்கும் வைக்கோல் போரின் உயரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார்கள். ராஜாங்கம் வீட்டுப் போர் ஒரு காலத்தில் கூரையையே மறைத்து நின்றது. மாடுகள் போனபின் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. இப்போது அதே இடத்தில் அடுத்தவன் வயலின் வைக்கோல்!

"தை பொறந்தா சின்னசேலத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்க. ராஜாங்கம் வைக்கோலக்கூட வெளியில வாங்குறான்னு நினைக்க மாட்டாங்க? எடுத்துக்கினு கெளம்பு, வைக்கோல்காரரே!"

கலையரசனின் முகம் சிவந்தது.

"விக்க வரலீங்க ஐயா. கேட்டாங்க, குடுத்தேன். எங்க அப்பாவும் மானத்தோடதான் பயிர் வைக்கிறாரு. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அம்மா பாப்பாத்தி நீட்டிய டீயைத் தொடாமல், இறக்கிய கட்டுகளையும் திரும்ப ஏற்றாமல் போய்விட்டான். கண்ணில் படாத தூரம் போகும் வரை அந்த டிராக்டர் அபிநயாவின் நெஞ்சின் மீதே ஓடியது... அப்பாவிடம் ஒரு நாள் முழுக்கப் பேசாமலிருந்து, தை பிறக்கும் வரை கட்டுகள் இருக்கலாம் என்று அனுமதி வாங்கினாள். யூரியா தூவினாள். தண்ணீர் ஊற்றினாள். அவன் மட்டும் வரவில்லை.

மார்கழிப் பனி கொட்டிய ஒரு விடியலில் ராஜாங்கம் அலறினார்.

"அடியே பாப்பாத்தி! வைக்கோல் புகையுதுடி! வூட்டக் கொளுத்தப் பார்த்துட்டானே அந்தப் பையன்!"

கட்டுகளிலிருந்து வெள்ளை வெள்ளையாய் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. "அது சூட்டுல வர ஆவிப்பா" என்று அவள் கத்தியது யார் காதில் விழுந்தது? குடம் குடமாய் ஊற்றினார். ஊற்ற ஊற்ற வைக்கோல் நன்றாக மக்கியது. மறுநாள் இன்னும் அதிகமாய்ப் புகைந்தது.

"அந்தப் பையன் நம்பர் இருக்கா?"

எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தாள் அபிநயா.

"மனப்பாடமாவா?"

"டிராக்டர் பின்னால... எழுதியிருந்துதுப்பா."

பாப்பாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கலையரசன் விறைப்பாகத்தான் வந்தான். கட்டுக்குள் கையை விட்டவன் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

"ஏத்திக்கினு போயிடுறேங்க."

"இப்ப எடுத்தா எல்லாம் பாழ்!" என்று குறுக்கே வந்து நின்றாள் அபிநயா.

ராஜாங்கம் மீசையைத் தடவினார். வீட்டைக் காக்க வேண்டியது அவர் கடமை அல்லவா?

"அப்போ ஆறுற வரைக்கும் தினமும் வந்து நீதான் பார்க்கணும். நெருப்பு புடிச்சா நீதான் பதில் சொல்லணும்."

தினமும் வந்தான். அபிநயாவின் கண்கள் விடியும்போதே மையிட்டுக் காத்திருந்தன. "இன்னிக்கு எப்படிங்க?" என்பாள். "கொதிக்குதுங்க" என்பான். அதற்கு மேல் என்ன பேச? அப்பா நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்காகவே ஒருவன் களமருதூரிலிருந்து பனியில் நடுங்கியபடி வருகிறானே...

நடுவதற்காக அபிநயா தட்டில் விதைத்திருந்த கத்திரி நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து சாயத் தொடங்கியது. ராஜாங்கம் பொறுமையிழந்தார்.

"இன்னுமா ஆறல?"

கலையரசன் கட்டுக்குள் கையை விட்டான். கொஞ்சம் தாமதித்தான்.

"இல்லீங்க ஐயா. சூடாத்தான் இருக்கு."

"நீ பாரும்மா."

அபிநயா கையை விட்டாள். உள்ளே குளிர்ந்து கிடந்தது, கிணற்று மண்ணைப் போல. நிமிர்ந்தாள். எதிரே அவன் கண்கள்... போகச் சொல்லிவிடாதே என்று கெஞ்சின. ஆறிவிட்டது என்றால் இவன் நாளை வரமாட்டான். தை பிறந்தால் சின்னசேலத்துக்காரர்கள் வருவார்கள்.

"ஆமாம்பா" என்றாள், குரல் உள்ளே போய். "இன்னும் சூடுதான்."

அப்பாவிடம் அவள் பொய் சொன்னதே இல்லை. கன்னம் எரிந்தது. தலை தானாகக் குனிந்தது.

அந்தக் குனிந்த தலையைக் கலையரசனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நேராகப் போய் ராஜாங்கத்தின் முன்னால் நின்றான்.

"ஐயா, நான் சொன்னது பொய்ங்க. நேத்தே ஆறிடுச்சு. ஆறிடுச்சுன்னு சொன்னா இந்த வாசலுக்கு வர முடியாது, இவங்களப் பார்க்க முடியாது... அதான். எனக்கு இவங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. திருட்டுத்தனமாப் பழக எனக்கு இஷ்டமில்ல. நீங்க சொன்னா நாளைக்கே எங்க அப்பா அம்மாவ அழைச்சிக்கினு வரேன். வேணாம்னா, கட்டுகள இங்கயே வுட்டுட்டு இப்பவே போயிடுறேன்."

ராஜாங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். முதுகு வளையாமல் நின்றான் பையன். அந்த நிமிர்வு அவருக்குப் பிடித்துத் தொலைத்தது.

"வரப்போ வெறுங்கையோட வரக் கூடாது. பூ, பழம், வெத்தலை பாக்கோட முறையா வரணும்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "அவன் பொய் சொன்னதுக்குக் காரணம் சொல்லிட்டான். நீ ஏம்மா சொன்ன?"

அபிநயா நாற்றுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள்.

"அவரு எதுக்குச் சொன்னாரோ... அதுக்குத்தாம்பா."