தொப்பு தூங்கவில்லை

மின்சாரம் போய்க் கொஞ்ச நேரமாகியிருந்தது. மின்விசிறி கடைசிச் சுற்றையும் சுற்றி நின்றுவிட்டது. ஜன்னல் திரை அசையவில்லை. தெருவில் மதிய வெயில் கொட்டிவைத்த எண்ணெய்போலத் தேங்கிக் கிடந்தது. கூடத்து அலமாரியின் மேல் தொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இந்தப் பக்கம். அந்தப் பக்கம். யாரோ இப்போதுதான் விரலால் தட்டிவிட்டுப் போனதுபோல.

பிரியம்வதா துணி மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஆட்டம் குறையவில்லை. அடியில் ஈயம் வைத்த அந்த மண்பொம்மை மரப்பலகையில் உரசும் ஓசை, உறக்கம் வராதவர் பாயில் புரண்டு புரண்டு படுப்பதுபோல இருந்தது. எழுந்து போய் அதன் மஞ்சள் வயிற்றில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினாள். பொம்மை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்த அலமாரிவரை வருவதில்லை.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். பயப்படக்கூட ஒரு தெம்பு வேண்டும். பல நாள் தூக்கம் கெட்டவளிடம் அது இல்லை.

போன பொங்கலுக்கு முன்னால் தொப்புவை மதுரையில் யாருக்கும் தெரியாது. மாலை வேளையில் குழந்தைகளுக்கான அலைவரிசையில் வரும் பொம்மைப்படம் அது. கரடியா பூசணிக்காயா என்று சொல்ல முடியாத ஓர் உருண்டை உருவம். பெரிய வட்டக் கண்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாராவது அதைத் தள்ளிவிடுவார்கள், சாயும், தரையைத் தொடுமுன் நிமிர்ந்துகொள்ளும். அவ்வளவுதான் கதை. அதற்கே குழந்தைகள் கைதட்டிச் சிரித்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியபோது கூட்டத்தின் தலைக்குமேல் தொப்பு பலூன்கள் மிதந்தன. பள்ளி திறந்தபோது பை, தண்ணீர்பாட்டில், டிபன்பாக்ஸ் எல்லாவற்றிலும் அந்தக் கண்கள். வாடிப்பட்டி சாலையோரக் கடைகளில் தொப்பு மழைக்கோட்டு, எழுமலைச் சந்தையில் தொப்பு செருப்பு. மாடிவீட்டு சுலைமான் விளக்குத்தூண் பக்கம் பொம்மைக்கடை வைத்திருந்தார். “தொப்பு இருக்கான்னு கேட்டுட்டுத்தாம்மா கடைக்குள்ள காலையே வைக்கிறாக” என்று அவர் சிரிப்பார்.

புரட்டாசி பிறந்ததும் கொலுப் பொம்மை செய்யும் விளாச்சேரிக்காரர்கள் தொப்புவை மண்ணில் செய்தார்கள். கொலுவுக்கு வருஷம் ஒரு புதுப் பொம்மையாவது வாங்கிவைக்க வேண்டும். இந்த வருஷம் குழந்தை இருக்கும் வீடுகளெல்லாம் ஒரே பொம்மையைத்தான் வாங்கின. பிரியம்வதாவும் வாங்கினாள். யூகேஜி படிக்கும் மகள் தீப்தி அதை மடியில் வைத்தே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

விஜயதசமி அந்தியில் ஆரத்தி எடுத்தபின், கொலுப்படியிலிருந்து ஒரு பொம்மையைப் படுக்கவைத்து லாலி பாடுவது வழக்கம். இத்தனை நாள் விழித்திருந்து வீட்டைப் பார்த்தவர்களை இனி உறங்குங்கள் என்று அனுப்பிவைக்கும் மரியாதை அது. எப்போதும் மரப்பாச்சியைத்தான் படுக்கவைப்பார்கள்.

“தொப்புவைத் தூங்கவைக்கலாம்மா. அதுதான் புதுசு. இருட்டுப் பெட்டிக்குள்ள பயந்துக்கும்” என்றாள் தீப்தி.

யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? பிரியம்வதா அதைப் பட்டுத்துணியில் படுக்கவைத்தாள். எழுந்தது. மறுபடி படுக்கவைத்தாள். எழுந்தது.

“எங்க மேனேஜருக்கு நேர் எதிர் இது. அவர் சாஞ்சா எழுந்துக்கறதே இல்லை” என்றான் அவள் கணவன் வெங்கட்ரமணன். வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். எதிர்வீட்டுத் தமிழ்வாணி, “எங்க வீட்டுலயும் இதே கூத்துதான்க்கா. எம்புட்டு அமுக்குனாலும் எந்திரிச்சிருது” என்றாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. “படுத்தாச்சுன்னு வச்சுக்கோடா கண்ணு” என்று சொல்லிவிட்டு, லாலியைப் பாடாமலே பிரியம்வதா சமையலறைக்கு ஓடினாள். மறுநாள் மற்றப் பொம்மைகளெல்லாம் பழந்துணி சுற்றிக்கொண்டு டிரங்குப்பெட்டிக்குள் போயின. தொப்பு அலமாரியில் ஏறியது.

தீப்தி தூங்குவதை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

முதலில் விழாக் களிப்பு என்று நினைத்தார்கள். பிறகு தொலைக்காட்சியை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பேருந்துக்குக் காத்து நிற்பவர்களைப்போலச் சும்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்கடியில் கருமை முதலில் நகக்குறிபோலத் தோன்றி, பின் கன்னம்வரை இறங்கியது. பள்ளியில் ஆசிரியை, “மதியம் பாய் விரிச்சா முக்கால்வாசிப் புள்ளைங்க உக்காந்தேதான் இருக்குதுங்க மேடம். இந்த வருஷம் என்னமோ இப்படி” என்றாள். சொல்லும்போது அவள் பிரியம்வதாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பொம்மையைத் துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து உரசும் ஓசை வந்தது. தீப்தி பெட்டியருகே போய் உட்கார்ந்து மூடியைத் தடவிக்கொடுத்தாள். மறுபடி எடுத்து வெளியே வைத்தார்கள்.

போயிருந்த மின்சாரம் திரும்ப வந்தபோது பிரியம்வதா துணிகளை அப்படியே விட்டுவிட்டு மகளை மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் வெகுநேரம் மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். “போன தடவை குடுத்த மருந்துக்கும் தூங்கலைன்னா இனி வீட்டுல வச்சிருக்கக் கூடாதும்மா. துடிப்பு சரியில்லை. காலையில கொண்டுவந்து சேர்த்துடுங்க. தாங்காது.”

அழுகை வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பதுபோலத் தன் மனத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறருடையதுபோல இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அந்தி. டீக்கடைப் பலகாரத்தின் எண்ணெய் வாசனை, கோயில் பக்கமிருந்து தாழம்பூவும் விபூதியும் கலந்த காற்று. மீனாட்சியைப் பற்றிச் சின்ன வயதில் கேட்டது நினைவுக்கு வந்தது: மீனைப்போல இமைக்காமல் பார்த்தே பிள்ளைகளைக் காப்பவள். தாயே, என் பெண்ணையும் பார்த்துக்கொள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியபோது ஜன்னல்களைப் பார்த்தாள். முதல் வீட்டு ஜன்னலில் ஒரு குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். யாரும் விளையாடவில்லை. ஆட்டோவில் போகும் தீப்தியைப் பார்த்து ஒன்றுகூடக் கையசைக்கவில்லை.

வீட்டுவாசலில் மரியம் பீவி டம்ளரோடு நின்றிருந்தாள். மாடியில் குடியிருக்கும் சுலைமானின் மனைவி. பிறருக்குத் துன்பம் என்றால் அழைக்காமலே வந்து நிற்பவள்.

“பால்ல ஜாதிக்காய் உரசிப் போட்டிருக்கேன் தங்கச்சி. எங்க புள்ள ஃபாயிஸா இதக் குடிச்சா டம்ளரக் கீழ வைக்கிறதுக்குள்ள கண்ணசந்துருவா.”

“ஃபாயிஸா தூங்கறாளா அக்கா?”

“அவளுக்கென்ன, மத்தியானமே கும்பகர்ணிதான். எழுப்புறதுக்குத்தான் ஆள் வைக்கணும்.” சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தவித்தாள். “நானும் அல்லாகிட்ட துஆ கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் தங்கச்சி. என்னன்னாலும் கூப்பிடு, ஓடி வாரேன்.”

ஃபாயிஸாவிடமும் தொப்பு இருந்தது. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் தொப்பு. அதை யாரும் கொலுப்படியில் ஏற்றவில்லை. தீபம் காட்டி, அட்சதை போட்டு, வீட்டுக்கு எழுந்தருளச் சொல்லவில்லை. வரச்சொன்னவர்களைத்தானே அனுப்பிவைக்க வேண்டும். பிரியம்வதா அதை நினைத்தாள். நினைத்ததை அப்படியே வைத்துவிட்டாள்.

தீப்தி பால் முழுவதையும் குடித்தாள். கொட்டாவி வந்தது. இமைகள் சொருகின. பிரியம்வதா அவளைத் தொப்பு படம் போட்ட போர்வையில் படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

தீப்தி எழுந்தாள்.

கை ஊன்றவில்லை. முழங்கால் மடக்கவில்லை. தலை, தோள், முதுகு எல்லாம் ஒரே வளைவாக, இடுப்புக்கடியில் ஏதோ கனமான ஒன்று இருந்து இழுப்பதுபோல நிமிர்ந்தாள். நிமிர்ந்தபின் சற்று ஆடினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

பிரியம்வதா தோளைப் பிடித்துப் படுக்கவைத்தாள். எழுந்தாள். படுக்கவைத்தாள். எழுந்தாள். கையில் பலம் கூட்டி அழுத்தினாள். அழுத்தம் விட்டதும் சின்ன உடம்பு வேகமாக நிமிர்ந்து, பற்கள் நறுக்கென்று மோதின. உதட்டில் ரத்தம். தீப்தி அதை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

“வலிக்கறதும்மா. அழுத்தாதே.”

“ஏண்டி கண்ணு படுக்க மாட்டேங்கற?”

“நான் தூங்கிட்டா அது தனியா முழிச்சுண்டு இருக்கும்.” கிசுகிசுத்தாள். “அதுக்கு யாருமே லாலி பாடலை. எல்லாரும் தூங்கப் போயாச்சு. அதால கண்ணை மூட முடியலைம்மா. பாவம்.”

பிரியம்வதா மகளைப் பார்த்தாள். இத்தனை நாளும் அந்தக் குழந்தையைப் பிடித்திருந்தது நோய் அல்ல. கைவிடப்பட்ட ஒன்றுக்கு அது துணை இருந்திருக்கிறது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போன இடத்தில், பிஞ்சு உயிர் ஒன்று தன் தூக்கத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நல்லதை எங்கே கற்றது? நாம் ஒரு லாலிகூடப் பாடவில்லையே.

கூடத்துக்குப் போய்த் தொப்புவை எடுத்துவந்தாள். கனத்தது. வயிறு இன்னும் வெதுவெதுப்பு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பாடாத லாலியைப் பாடினாள். மடியில் சாய்த்தாள். எழுந்தது. பாடி முடித்துச் சாய்த்தாள். எழுந்தது. காலம் தவறிய மரியாதையை அது ஏற்கவில்லை.

“சரி, நான் இருக்கேன்” என்றாள் அதனிடம். “நீ தனியா இல்லை. அவ குழந்தை. அவளை விட்டுடு. நான் முழிச்சுண்டு இருக்கேன்.”

ஆட்டம் நின்றது.

அறையில் ஓர் ஓசையும் இல்லை. தீப்தி மெல்லச் சாய்ந்தாள். தலையணை தலையை வாங்கிக்கொண்டது. எழவில்லை. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக, ஆழமாக வந்தது. எத்தனை நாளாகக் கேட்காத ஓசை! பிரியம்வதா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வந்ததுபோல இருந்தது. துடைக்கக் கை வரவில்லை.

கண் எரிந்தது. இமைத்தால் சரியாகும். இமைக்கவில்லை. பிறகு எரிச்சலும் போயிற்று.

ஜன்னல் வெளுத்தது. பால்காரரின் வண்டி. காக்கைகள். யாரும் வாசல் தெளிக்கவில்லை. தெரு முழுவதும் ஒரு விளக்குமாற்றின் ஓசைகூட இல்லை.

“பிரியா, குழந்தை தூங்கறா!” வெங்கட்ரமணன் கதவருகே நின்று அழுதான். “பாரேன், தூங்கறா.” அருகே வந்தான். “பிரியா?” தோளைத் தொட்டான். உலுக்கினான். தாங்கிப் படுக்கவைத்தான். அவள் எழுந்தாள். மறுபடி படுக்கவைத்தான். எழுந்தாள். அவன் பின்வாங்கி மாடிப்படியில் ஓடும் சத்தம் கேட்டது.

நேரெதிரே தமிழ்வாணியின் ஜன்னல் திறந்திருந்தது. தமிழ்வாணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சளாக ஒன்று. அதற்கு அடுத்த வீட்டு மாடியில் இன்னொரு பெண். மஞ்சளாக ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும். பிள்ளையை விட்டுவிடு, நான் விழித்திருக்கிறேன் என்று பெற்ற தாய் ஒவ்வொருத்தியும் சொல்லியிருப்பாள்.

ஓர் ஈ வந்து அவளுடைய இடக்கண்ணின் மேல் உட்கார்ந்தது. நடந்தது. கூசவில்லை.

மரியம் பீவி வந்தாள். மண்டியிட்டாள். ஈயை ஓட்டினாள். நாடியைத் தொட்டாள், மூக்கருகே விரல் வைத்தாள், மூச்சு இருப்பதை அறிந்தாள். எதிர் ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, வேறென்ன செய்வதென்று தெரியாத அன்போடு, இறந்தவர்களுக்குச் செய்வதுபோலத் தன் உள்ளங்கையால் பிரியம்வதாவின் இமைகளை மெல்ல இறக்கினாள்.

இருட்டு. எவ்வளவு குளிர்ச்சி.

கையை எடுத்தாள். இமைகள் எழுந்தன.

“கண்ண மூடு தங்கச்சி” என்று அழுதுகொண்டே மறுபடி இறக்கினாள்.

எழுந்தன.