ஃபேர் காப்பியில் இல்லாத வரி

புதன்கிழமை, மதியம் 2.10. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆலையில் குச்சி உலர்த்தும் அறை தீப்பிடித்தது. உள்ளே நின்ற வள்ளித்தாயின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

3.40. முதலாளி பூவனநாதனின் புகார் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டது. அறையில் சூடு மீறினால் மணி அடிக்கும்படி, சூட்டைக் கண்காணிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றச் சொன்னாராம். புரோகிராம் எழுதிக்கொடுக்கும் நிறுவனத்துப் பெண் யோகலட்சுமி அதைச் செய்யவில்லையாம். புகை இன்னும் அடங்கவில்லை, புகார் மட்டும் ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணைக் கைது செய்யச் சொல்லி மேலிருந்து இரண்டு போன்.

இன்ஸ்பெக்டர் உமாதேவி மூன்று நாளாகத் தூங்கவில்லை. பூட்ஸில் அப்பிய கரிசல் மண்ணைச் சுரண்டக்கூடத் தெம்பில்லை.

4.20. ஆஸ்பத்திரி.

"வலிக்குதாம்மா?"

"மரத்துப்போய்க் கெடக்கு தாயி. நேத்து மூணு தரம் வெளிய போயி நின்னோம், ஒண்ணும் ஆகல. இன்னைக்கு ஒரு தரம் போயிருந்தா தப்பிச்சிருப்பேன்."

நர்ஸ் வந்து, போதும் என்றாள்.

5.15. மெயின் ரோட்டில் ஒரு மாடி, யோகலட்சுமி வேலை பார்க்கும் நிறுவனம். மூன்று கம்ப்யூட்டர்கள். முன்பொரு சைபர் பயிற்சிக்குப் போனதில் உமாதேவிக்கு நினைவிருந்தவை இரண்டுதான்: மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் மேல் அம்புக்குறியை அமுக்கினால் பழைய கட்டளை திரும்ப வரும்.

யோகலட்சுமி அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

"திங்கக்கெழமையே மணி வச்சிட்டேன் மேடம். மணியும், சூட்டப் பெருசாக் காட்டுததும் சேத்து ஒரே பேட்ச்சா எழுதி அனுப்புனேன்."

"பேட்ச்னா?"

"புரோகிராம்ல எந்த வரியச் சேக்கணும், எந்த வரிய எடுக்கணும்னு சொல்லுத ஃபைல்."

நிறுவனத்தை நடத்தும் முத்துசெல்வம் ஒரு தாளை நீட்டினார். சூட்டைத் திரையில் பெரிய எழுத்தில் காட்ட நாலு வரி. அவ்வளவுதான்.

"இந்த வாரம் ஆலைக்குப் போனது இது ஒண்ணுதான் மேடம். மணிங்கிற பேச்சே இதுல கெடையாது. நல்ல புள்ள, மறந்துட்டா."

"பழசு இருந்தாக் காட்டுங்க."

பழைய தாள்கள் ஒவ்வொன்றின் தலையிலும் யோகலட்சுமி எழுதிய இரண்டு வரி இருந்தது: யார் கேட்டது, எதற்கு. இந்தத் தாளின் தலை மொட்டையாக இருந்தது.

"இதுல எங்க?"

"அதையும் மறந்திருப்பா."

"நான் மறக்க மாட்டேன்" என்றாள் யோகலட்சுமி மெதுவாக.

5.40. உமாதேவி வராந்தாவுக்குப் போய் நர்ஸைப் போனில் பிடித்தார். நேற்று எதற்காக மூன்று முறை வெளியே போனார்கள் என்று வள்ளித்தாயிடம் கேட்கச் சொன்னார். நர்ஸ் கேட்டதும், கட்டிலிலிருந்து வந்த பதில் போனிலேயே கேட்டது.

"மணி அடிச்சா வெளிய போவணும்லா? கேக்காவ பாரு கேள்வி!"

உமாதேவி உள்ளே வந்தார்.

"ரெண்டு பேட்ச்ச ஒண்ணாச் சேக்க முடியுமாம்மா?"

"முடியும் மேடம். ஒரு கமாண்ட் அடிச்சாப் போதும். தலையில உள்ள குறிப்பு மட்டும் போயிரும்."

"மொதல்ல சேத்த வரிய அடுத்ததுல எடுத்திருந்தா?"

யோகலட்சுமி நிமிர்ந்தாள். "சேந்து வர்ற ஃபைல்ல அந்த வரி இருந்த தடமே இருக்காது."

"எங்க ஸ்டேஷன்லயும் உண்டு. ஒருத்தர் ஒரு வரி எழுதுவாரு, இன்னொருத்தர் அதக் கோடு போட்டு அடிச்சிருவாரு, கடைசியாச் சுத்தமா எழுதுத ஃபேர் காப்பியில ரெண்டும் இருக்காது. முத்துசெல்வம், கறுப்புத் திரையத் தொறந்து மேல் அம்புக்குறிய அமுக்குங்க."

முத்துசெல்வம் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். யோகலட்சுமி எழுந்து போய் அவருடைய கம்ப்யூட்டரில் அமுக்கினாள். இரண்டு ஃபைல்களை அழித்த கட்டளை வந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். அதே இரண்டையும் ஒன்றாகச் சேர்த்த கட்டளை. பெயர்கள் அப்படியே இருந்தன: யோகா-மணி-சேர்ப்பு, முத்து-மணி-நீக்கம்.

"நேத்து மூணு தடவ மணி அடிச்சு மூணு தடவ வேலை நின்னுருக்கு. நீங்க மணிய எடுத்தீங்க. இன்னைக்குத் தீப்பிடிச்ச பெறகு ரெண்டையும் சேத்து, பழச அழிச்சீங்க. சரியா?"

"மழையில குச்சி காயல, லோடு நிக்குதுன்னு பூவனநாதன் அண்ணாச்சி கத்துனாவ மேடம். ஒருநாளைக்குத்தானன்னு எடுத்தேன்."

"அழிச்சது?"

"அதுவும் அவிய சொல்லித்தான்."

"மணி அடிச்சத அந்தப் பொம்பளைங்க கேட்டிருக்காங்க. அவங்ககிட்ட யாரு கேக்கப்போறான்னு நெனச்சீங்க." உமாதேவி கண்களைத் தேய்த்துக்கொண்டார். "நானும் கேக்காமத்தான் வந்தேன்." அவருக்கு அது வெட்கமாக இருந்தது. நிலையத்துக்குப் போன் போட்டு, பூவனநாதனை அழைத்து வரச் சொன்னார்.

6.30. முத்துசெல்வத்தை ஜீப்பில் ஏற்றியாகிவிட்டது.

"நீ வீட்டுக்குப் போம்மா."

யோகலட்சுமி எழுந்திருக்கவில்லை. "ஆலையில இன்னொரு அறை இருக்கு மேடம். அதுலயும் இப்ப மணி கெடையாது. நாளைக்குக் காலையில ஆள் வந்துரும்."

புதிய பேட்ச் ஒன்றைத் திறந்து, வழக்கம்போல முதலில் தலையில் அந்த இரண்டு வரியை அடித்தாள்.

யார் கேட்டது: வள்ளித்தாய்.

எதற்கு: வெளியே போக.