இடமில்லாத கார்

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதிக்கு ஏறியதிலிருந்தே கார் பாரமாக ஓடியது. டயரில் காற்றுக் குறைந்துவிட்டதோ என்று நெய்னார் மழையில் இறங்கிக் காலால் தட்டிப் பார்த்தார், குறையவில்லை. பின் சீட்டில் ஒரு பைகூட இல்லை. ஆனாலும் குழிகளில் காரின் பின்பக்கம் தாழ்ந்து, மனமில்லாமல் எழும்பியது. முன்னால் இருந்த திரையில் சார்ஜ், தனியாக வரும் ஒருவருக்குக் குறைய வேண்டியதைவிட வேகமாகக் குறைந்தது.

இந்த எலக்ட்ரிக் காரை வாங்கியதிலிருந்து அவருக்கு எரிச்சலே மிச்சம். அவருடைய ஊரான குறிஞ்சிப்பிட்டியில் காற்றடித்தால் கரண்ட் போகும். கரண்ட் இருக்கும் நாளில் சார்ஜ் போட்டால் பக்கத்து வீட்டு மின்குமிழ் மங்கும். அவர்கள் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். புத்தளத்துக்குப் போனால், வேலை செய்கிற ஒரேயொரு மெஷினுக்குப் பின்னேரம் முழுவதும் காத்துக்கிடக்க வேண்டும். "மச்சான், நீங்க வாங்கினது காரா, பெரிய போனா? எப்ப பார்த்தாலும் சார்ஜ்லதானே கிடக்குது" என்று மனைவியின் தம்பி றஸீன் கடைத்தெருவில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னதிலிருந்து, காரைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவும் முடியாமல் போனது.

இன்றும் மதியமே ஊரில் கரண்ட் போய்விட்டது. புத்தளத்துக்கு வந்து, காத்திருந்து, பாதி சார்ஜ் ஏறும்போது மனைவி றுமானா போன் எடுத்தாள். வலி தொடங்கிவிட்டதாம். முதல் பிள்ளை வயிற்றிலேயே மௌத்தானதால், இந்த முறை வலி கண்டதும் தாமதிக்காமல் புத்தளம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டு ஃபாஹிம் தன்னுடைய வேனை எடுக்கவா என்று கேட்கிறார் என்றும் அவள் சொன்னாள்.

"வேணாம். நான் வாறன்" என்றார் நெய்னார்.

சொந்தக் கார் இருக்க, பெண்சாதியைப் பிறர் வேனில் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போகவும் திரும்பி வரவும் சார்ஜ் போதும். மட்டுமட்டாகப் போதும்.

அதனால்தான் பாலாவிச் சந்தியில் கை நீட்டிய ஒரு குடும்பத்தை அவர் ஏற்றவில்லை.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்த வீதியில் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் வருகிற வாகனத்துக்குக் கை நீட்டுவார்கள். ஓட்டுபவர் நிறுத்துவார். இடமில்லாவிட்டால் உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டிக் காட்டிவிட்டுப் போவார். நிற்பவர்களும் கோபிக்க மாட்டார்கள். பழைய டீசல் வேன் இருந்த காலத்தில் நெய்னார் அந்தச் சைகையை அபூர்வமாகத்தான் காட்டியிருப்பார். நனைந்து நிற்கிற ஒருவருக்குக் கதவைத் திறந்துவிடுவதைவிட லேசான நன்மை உண்டா என்று அவரே சொல்லித் திரிந்தவர். இந்தக் காரில் ஏறுகிற ஒவ்வொருவரும் சார்ஜைத் தின்றார்கள். ஆகவே வெறும் காரில் இருந்துகொண்டு கையைக் கவிழ்த்து ஆட்டப் பழகியிருந்தார். ஆள் நிறைந்திருக்கிறது. இடமில்லை.

நிர்மலபுரம் தாண்டியதும் ஒரு கிழவியும் பிள்ளையும் நின்றார்கள். கையை ஆட்டினார். நுரைச்சோலையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மீன்காரர்கள் சிலர். ஆட்டினார். ஒவ்வொரு முறையும், கதவு திறக்காமலே யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல, கார் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

சார்ஜை மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்தினார். கண்ணாடிகள் உட்பக்கமாக மங்கின. துடைத்தார், உடனே மங்கின. ஒருவருடைய மூச்சுக்கு இவ்வளவு ஆவியா? ஈரச் சேலையின் மணம் வந்தது. களப்புச் சேற்றின் மணமும், பிள்ளைகளின் தலைக்கு வைக்கும் எண்ணெயின் மணமும் அதோடு கலந்து வந்தன. பழைய வேனென்றால் என்ஜின் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது. இந்தக் கார் சத்தமில்லாதது. அந்த அமைதியில், மழையின் ஓசைக்குக் கீழே, முதுகுக்குப் பின்னால் பலர் அடக்கமாக மூச்சு விடுவது கேட்டது. நெருங்கி உட்கார்ந்தவர்கள் காலை ஒதுக்குவதுபோல் சீட் கிறீச்சிட்டது. ஒரு பிள்ளை இருமியது.

அவர் திரும்பவில்லை. காவலுக்கு ஓதுகிற ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினார். பாதியில் மறந்தது. சிறு வயதிலிருந்து ஓதியது. மறந்தது.

ஏத்தாளையில் ஒரு வயோதிபர் தனியாக நின்றார். இவரையாவது ஏற்றுவோம், அல்லாஹ் பொறுத்துக்கொள்வான் என்று நெய்னார் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏறுங்க வாப்பா."

வயோதிபர் குனிந்தார். முன் சீட்டைப் பார்த்தார். பின் சீட்டை மெதுவாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஸலாம் சொன்னார். நெய்னார் வாயைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து பல குரல்கள், தாழ்ந்த குரலில், பதில் சொல்லின.

"எங்க மகன் ஏறுற? பொம்புளப் புள்ளயளும் நெருங்கி இரிக்குதுகள். நீங்க போங்க. அல்லாஹ் பரக்கத் செய்வான்."

நெய்னார் காரை எடுத்தார். திரையில், சார்ஜ் தீரப்போவதைக் காட்டும் ஆமைப் படம் எரிந்தது. மிதித்தும் வேகம் வரவில்லை. காற்றாடிக் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் மங்கிய கண்ணாடியில் கரைந்தன. மூச்சு. இருமல். கழுத்தில் ஈரம்.

ஊர் இருட்டில் கிடந்தது. வாசலில் றுமானா குடையும் பையுமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கி ஓடிப்போய் அவளை ஃபாஹிமின் வேனில் ஏற்ற வேண்டும். ஏறாத புள்ள என்று அவளிடம் கத்த வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். வலியில் சுருங்கியிருந்த முகம் இளகியது.

"யா அல்லாஹ், இவ்வளவு பேரா. நல்லா நனைஞ்சி போயிட்டாங்க, பாவம்." அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தக் கார் வந்த பொறகு நீங்க ஆக்கள ஏத்துறதில்ல எண்டு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கவல. நான்தான் பிழையா நெனச்சிட்டேன்."

பின் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்க ராத்தா. எனக்கு ஓரம் போதும்."

கதவு மூடியது. நெய்னார் கண்ணாடியில் பார்த்தார். அகன்ற, வெறுமையான சீட். அதன் ஓரத்தில், தோள் கதவோடு நசுங்க, றுமானா ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். யாரோ நீட்டியதை வாங்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டினாள். வாங்கினாள். மடி தாழ்ந்தது. முந்தானையை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

அவளுடைய வயிற்றின் மேல், உலர்ந்த துணியில், சிறிய ஈரக் கைத்தடம் ஒன்று பதிந்தது. பிறகு, அதன் பக்கத்தில், இன்னொன்று.